ஊமைக்கோட்டானுக்கு மஞ்சள் கலர்

எனக்கு வாய் ஓயாது. இதை நானே சொல்லிடறேன், இல்லேன்னா என் வீட்டுக்காரர் வந்து சொல்லுவார். காது மெஷின் விக்கிற கடையில முன் டேபிள் என்னுது. உள்ளே வர்றவங்க நாற்காலியில உக்கார்றதுக்குள்ள அவங்க குடும்பக் கதையில பாதியை வாங்கிடுவேன், என் கதையில முக்காவாசியைக் குடுத்திடுவேன். கடையில எனக்கு ரேடியோன்னு பேரு. சொல்லிட்டுப் போகட்டும், அதுக்கெல்லாம் கோவிச்சுக்கிட்டா பிழைக்க முடியுமா?

எனக்குப் பின்னாடி ரூம்ல காது டெஸ்ட் பண்றவர் இருக்கார். என்னைவிட அஞ்சாறு வயசு சின்னவர். அவர் என்னை அக்காம்பார், நான் அவரைத் தம்பிம்பேன். ஒரு நாளைக்கு அந்த 'அக்கா'ங்கிற வார்த்தை அவர் வாயிலேர்ந்து நாலு தடவை வந்துட்டாலே பெரிய விஷயம். மத்தவங்க அவர் முதுகுக்குப் பின்னாடி ஊமைக்கோட்டான்னு சொல்லுவாங்க. பொய் சொல்வானேன், நானும் சொல்லியிருக்கேன்.

ஆனா எனக்கு அவரைப் பாத்தா ஒரே ஆச்சரியம். ஒரு மனுஷனால எப்படி இப்படி இருக்க முடியும்? லிஃப்ட்ல யாராவது நின்னா மாடிப்படி ஏறுவார். மதியம் டிபன் டப்பாவை எடுத்துக்கிட்டு அந்த ரூமுக்குள்ள போயிடுவார். சுவரெல்லாம் பஞ்சு வெச்சு அடைச்ச ரூம் அது, வெளிச்சத்தம் ஒரு பொட்டு உள்ளே வராது. நான் ஒரு தடவை அதுக்குள்ள அஞ்சு நிமிஷம் உக்காந்தேன். என் மூச்சு எனக்கே கேட்டுது, பயந்துபோய் ஓடி வந்துட்டேன். அவர் அங்கே சிரிச்ச முகமா சாப்பிடுவார்.

வேலையில ஆள் கெட்டிக்காரர். டெஸ்ட்னா, ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு உள்ளே உக்காரணும், பீப் சத்தம் கேட்டா கையில இருக்கிற பட்டனை அமுக்கணும். பாதிப் பேர் தில்லாலங்கடி. காது கேக்கலைன்னு ஒத்துக்க வெக்கம். கண்ணாடி ஜன்னல் வழியா, வெளியில உக்காந்து டெஸ்ட் பண்றவரோட கையைப் பாத்துக்கிட்டே இருப்பாங்க, அவர் விரல் அசைஞ்சா டக்குனு பட்டனை அமுக்குவாங்க. நம்ம தம்பி கைக்கு முன்னாடி ஒரு ஃபைலை நிமித்தி வெச்சிடுவார். எதுவும் சொல்ல மாட்டார், திட்ட மாட்டார், காத்துக்கிட்டே இருப்பார். மத்த கிளையில பத்து நிமிஷத்துல முடிக்கிறதை இவர் நாப்பது நிமிஷம் பண்ணுவார். இவர் பாத்துக் குடுத்த மெஷின் மட்டும் திரும்பி வந்ததே இல்ல.

இப்படிப் போய்க்கிட்டிருந்த கடைக்குத்தான் தலைமை ஆபீஸ்லேர்ந்து ஒரு ஃபாரம் வந்துது. அறுபது கேள்வி. நீங்க எந்த வகை ஆள்னு கண்டுபிடிக்கப் போறாங்களாம். கூட்டத்துல உங்களுக்கு உற்சாகம் வருமா, களைப்பு வருமா? புது ஆளைப் பாத்தா முதல்ல பேசுவீங்களா? இந்த மாதிரி. கடைசியில கலர் குடுப்பாங்க. ஜனங்களோட கலகலன்னு பழகறவங்க மஞ்சள், தனியா இருக்கப் பிடிச்சவங்க நீலம். நடுவுல இன்னும் ரெண்டு கலர். நாப்பது வருஷமா என்னைப் பாத்துட்டிருக்கிற எனக்கே நான் யாருன்னு தெரியல, அறுபது கேள்வியில இவங்க கண்டுபிடிச்சிடுவாங்களாம்! ஆனாலும் எனக்குத் தாங்கல, என்ன கலர் வரும்னு தெரிஞ்சுக்க அன்னிக்கே நிரப்பிட்டேன்.

அப்பதான் ஒரு செய்தி காதுக்கு வந்துது. நீலம் வர்றவங்களை எல்லாம் ஊருக்கு வெளியில இருக்கிற ரிப்பேர் கிடங்குக்கு மாத்தப் போறாங்களாம். நம்ம தம்பி நீலம் இல்லேன்னா உலகத்துல வேற யார் நீலம்? அந்த ரூமை விட்டுப் போனா மனுஷன் செத்துப்போவார்.

அவர் பென்சில்ல டிக் அடிச்சு வெச்சிருந்த ஃபாரம் என் டேபிளுக்கு வந்துது, எல்லாத்தையும் சேத்து அனுப்பறது என் வேலை. பிரிச்சுப் பாத்தேன். கருநீலம்! சுத்திமுத்தும் பாத்தேன். ரப்பரை எடுத்தேன். அறுபது டிக்கையும் அழிச்சிட்டு, மஞ்சள் வர்ற பதிலாப் பாத்து டிக் அடிச்சேன். கூட்டத்துல உற்சாகம் வரும். முதல்ல நான்தான் பேசுவேன். மேடை ஏறப் பிடிக்கும். கை நின்னாத்தானே? நடுவுல எங்கேயாவது ரெண்டு நீலத்தை விட்டு வைக்கணும்ங்கிற புத்தி கூட எனக்கு வரல. அப்புறம், "தம்பி, கடைசிப் பக்கத்துல கையெழுத்து விட்டுட்ட பாரு"ன்னு நீட்டினேன். வாங்கிட்டு உள்ளே போனார், கொஞ்ச நேரத்துல பேனாவுல கையெழுத்து போட்டுக் கொண்டுவந்து குடுத்தார்.

பதினஞ்சு நாள்ல முடிவு வந்துது. எனக்கு மஞ்சள், நாப்பத்தொண்ணு. அவருக்கும் மஞ்சள், அறுபதுக்கு அறுபது! எல்லாக் கிளையிலயும் அதுதான் அதிகம். மேனேஜர் கடிதத்தைப் படிக்கப் படிக்க எனக்கு முகத்துல ஈயாடல. "இவ்வளவு திறமையை ரூமுக்குள்ள பூட்டி வெச்சிருந்தோமே"ன்னு தலைமை ஆபீஸ் வருத்தப்பட்டிருக்கு. இனிமே ஒவ்வொரு வாரமும் கிளப், குடியிருப்பு, சங்கம்னு போய் இவர் காது மெஷினைப் பத்தி மேடையில பேசணும். டெஸ்ட் ரூமுக்குப் புதுசா ஒரு பொண்ணு வருவா. முதல் கூட்டம் சனிக்கிழமை, ரிடையர் ஆனவங்க சங்கத்துல. அது சரியாப் போச்சுன்னா மாத்தம் நிரந்தரம்.

அந்த ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கல. கிடங்குலேர்ந்து காப்பாத்தறேன்னு அந்த மனுஷனோட ரூமை நானே பறிச்சுக் குடுத்துட்டேன். உண்மையைச் சொல்லலாம்னா, தப்பான விவரம் குடுத்தா நடவடிக்கைன்னு ஃபாரத்து அடியிலயே போட்டிருக்கு. கையெழுத்து அவரோடது. ஊருக்கெல்லாம் பேசற வாய், இதுக்கு மட்டும் பூட்டு போட்டுக்கிச்சு. அவரோ எதுவுமே நடக்காத மாதிரி ஒரு தாள்ல ஏதோ எழுதிக்கிட்டே இருந்தார். அழுத்தக்காரர்!

சனிக்கிழமை நானும் கூடப் போனேன். அறுபது பேர், எல்லாம் வயசானவங்க. தம்பி மைக்கு முன்னாடி நின்னார். நாலு வரி படிச்சார். "கேக்கல!"ன்னு ஒரு அம்மா கத்தினாங்க. "சத்தமா!"ன்னு இன்னொருத்தர். மறுபடி முதல்லேர்ந்து படிச்சார், பாதியில நின்னுட்டார். சட்டை நனைஞ்சு ஒட்டிக்கிச்சு. எனக்கு எழுந்துபோய் மைக்கைப் பிடுங்கிடலாம் போல இருந்துது, பல்லைக் கடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். எப்படியோ முடிச்சார். நாலு பேர் கை தட்டினாங்க. மேனேஜர் வாசல்ல நின்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டு, "திங்கக்கிழமை பேசலாம்"னுட்டுப் போயிட்டார்.

திரும்பி வர்றப்ப பஸ்ல ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துல இடம் கிடைச்சுது. எனக்குத் தாங்கல. "தம்பி, அந்த ஃபாரத்தை மாத்தினது நான்தான்"னு சொல்லிட்டேன்.

"தெரியும்க்கா. அழிச்ச தடம் அப்படியே இருந்துதே."

"அட பாவி! அப்புறம் ஏன் கையெழுத்து போட்ட? என்னை மாட்டிவிடக் கூடாதுன்னா? இல்ல கிடங்குக்குப் போகணுமேன்னு பயந்தியா? மேனேஜருக்காகவா? நான் ஏதாவது நினைச்சுக்குவேன்னா..."

ஃபைலை நிமித்தி வெச்சிட்டுக் காத்திருப்பாரே, அதே முகம். அப்பதான் எனக்கு உறைச்சுது, நான் வாயை மூடினாத்தான் அவர் திறப்பார்னு. மூடிக்கிட்டேன். எவ்வளவு கஷ்டம்ங்கறீங்க! நாலு ஸ்டாப் போச்சு.

"படிச்சுப் பாத்தேன்க்கா," அப்படின்னார். "நீங்க எழுதின ஆளைப் பாத்து எனக்கு ஆசையா இருந்துது. ஒரு தடவை அப்படி இருந்து பாக்கலாம்னு தோணிச்சு. அந்த மாதிரி ஆளுங்களைத்தான் நாலு பேர் விசாரிக்கிறாங்க."

"உன்னை நான் விசாரிக்கலையா? தினம் உன்கிட்ட பேசறவ நான் ஒருத்திதானே?"

ஜன்னலைப் பாத்துக்கிட்டே சொன்னார். "பேசறீங்கக்கா. போன வருஷம் நாலு நாள் நான் வரல. திரும்பி வந்தப்ப, 'என்ன தம்பி, காய்ச்சல் போச்சா'ன்னு கேட்டீங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள உங்களுக்குக் காய்ச்சல் வந்த கதையை ஆரம்பிச்சிட்டீங்க. எங்கம்மா தவறிட்டாங்கக்கா, அந்த நாலு நாள்."

நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல ஆயிடுச்சு எனக்கு. வர்றவங்க போறவங்க வீட்டுப் பூனைக்குட்டி பேர் வரைக்கும் எனக்குத் தெரியும். பத்தடி தூரத்துல இருக்கிற மனுஷனுக்கு அம்மா இல்லேங்கிறது ஒரு வருஷமா தெரியல. அவர் பேசாத ஆள்னு நானே முடிவு கட்டிட்டேன். அவருக்கு நான் இடம் விட்டாத்தானே?

கண்ணைத் துடைச்சிக்கிட்டுக் கேட்டேன், "உனக்கு என்ன வேணும், சொல்லு." கேட்டுட்டு நிறுத்திக்கிட்டேன்.

ஜன்னல்லேர்ந்து என் பக்கம் திரும்பினார். "அந்த ரூம் வேணும்க்கா. அந்த மேடையும் எப்பவாவது ஒரு தடவை வேணும். இன்னிக்கு உயிர் போச்சு, ஆனா இறங்கி வர்றப்ப ஒரு பெரியவர் என் கையைப் பிடிச்சிக்கிட்டு விடவே இல்ல."

"நான் மேனேஜர்கிட்ட சொல்றேன்..."

"வேணாம்க்கா. நானே சொல்றேன்."

திங்கக்கிழமை அவரே சொன்னார். ஃபாரத்தை மாத்தினது யாருன்னு சொல்லல. அது தப்புன்னு தெரிஞ்சே கையெழுத்து போட்டேன்னு மட்டும் சொல்லியிருக்கார். நான் போய் என் பங்கை ஒத்துக்கிட்டேன். ரெண்டு பேருக்கும் ஒரே எச்சரிக்கைக் கடிதம், ஒரே கவர்ல. ரூம் அவர்கிட்டயே இருக்கு. மாசத்துல ஒரு சனிக்கிழமை மைக்கு முன்னாடி நின்னு வேர்த்துக் கொட்டறார். இந்த ஆளுக்கு என்ன கலர் குடுப்பீங்க? எனக்குத் தெரியல.

அதெல்லாம் பின்னாடி நடந்தது. அன்னிக்குப் பஸ்ல நான் இன்னொண்ணும் கேட்டேன். "அம்மாவுக்கு என்ன ஆச்சு தம்பி?"

சொல்ல ஆரம்பிச்சார். எங்க ஸ்டாப் வந்துது, போச்சு. நான் மூச்சு விடல. கடைசி ஸ்டாப் வரைக்கும் அவர் அம்மாவைப் பத்திச் சொல்லிக்கிட்டே வந்தார்.