மூன்றாவது சிலிண்டர்

யுத்த காலத்தில் புதுக்கோட்டையில் நான் கார் பட்டறை வைத்திருந்தேன். என் அக்காவின் புருஷன் கீரனூரில் ஒரு மிராசுதாருக்குக் கார் ஓட்டினார். ஒரு நாள் இருவரும் காரைக் கொண்டுவந்தார்கள். தெருமுனையில் வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, நாலு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யவில்லை. வண்டி நொண்டிக்கொண்டே வந்தது.

“மேடு ஏற மாட்டேங்குது. பழுது பாத்தா தேறுமா, தள்ளிவிட்டுறலாமான்னு சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு மிராசுதார் கடைவீதிக்குப் போனார்.

கெட்டுப்போன சிலிண்டரைக் கண்டுபிடிக்க அன்று ஒரே வழிதான். இஞ்சினை ஓடவிட்டு, மரப்பிடி போட்ட திருப்புளியால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் இஞ்சினோடு சேர்த்துத் தொட வேண்டும். அந்தச் சிலிண்டரில் நெருப்பு நின்றுபோகும். நல்லதென்றால் சத்தம் தடுமாறும். தடுமாறாவிட்டால் அதுதான் கெட்டது.

நான் தொட, மச்சான் கேட்டுச் சொன்னார். “தடுமாறுது மாப்ளே.” இரண்டாவதும் தடுமாறியது. மூன்றாவதில் சத்தம் துளிகூட மாறவில்லை.

“இதுவும் தடுமாறுது” என்றார். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இஞ்சினை நிறுத்திவிட்டு அவர் முதுகுக்குப் பின்னால் போய்க் கூப்பிட்டேன். திரும்பவில்லை. தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினார். என் முகத்தைப் பார்த்ததும் தலை கவிழ்ந்துவிட்டது.

“ஆறு மாசமாச்சு மாப்ளே. மொதலாளிக்குத் தெரிய வேணாம். ஒங்க அக்காவுக்கும் தெரியாது.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ரோட்டில் பிள்ளைகுட்டிகள் நடக்கிறார்களே. ஆனால் அவருக்குக் கேட்கும்படி திட்டினால் தெருவுக்கே கேட்கும். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இஞ்சினைத் திறந்து பார்த்தேன். ஒரு வால்வின் ஓரம் கருகியிருந்தது, அவ்வளவுதான். தேய்த்து உட்கார வைத்தால் இரண்டு நாள் வேலை. சரிசெய்து கொடுத்தால் மச்சான் மறுபடி ஓட்டுவார். உண்மையைச் சொன்னால் செவிடன் என்று பேராகிவிடும். நான் பெரிய புத்திசாலி என்று அப்போது எனக்கு ஒரு நினைப்பு.

“சிலிண்டரே வெடிச்சுப் போச்சுங்க. யுத்தத்துல சாமான் வராது. இனிமே தேறாதுங்க” என்று திரும்பி வந்த மிராசுதாரிடம் சொன்னேன்.

அவர் நம்பினார். காரை உடைசலுக்குத் தள்ளிவிட்டு, மச்சானை மாந்தோப்புக் காவலுக்கு வைத்துக்கொண்டார். எல்லாம் நான் போட்ட கணக்குப்படியே நடந்தது. ஒன்றைத்தான் நான் நினைத்துப் பார்க்கவில்லை. சில மாதம் கழித்து அக்கா வந்து அழுதாள்.

“சரியாச் சாப்புடுறதில்லடா. என் கவனக்கொறவால நல்ல வண்டி செத்துப்போச்சுன்னு பொலம்புறாரு.”

அன்றே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அவர் கையிலிருந்து வண்டியைப் பறித்தவன் நான்தான் என்று தெரிந்துவிடுமே என்று பயந்தேன். அந்தப் பயத்திலேயே நாலு வருஷம் ஓடிவிட்டது.

கடைசியில் மனசு கேட்காமல் தோப்புக்குப் போனேன். அதற்குள் அவர் காது இன்னும் மந்தமாகியிருந்தது. காதருகில் குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன். வண்டி நன்றாகத்தான் இருந்தது, நான்தான் பொய் சொன்னேன் என்று மூன்று தடவை கத்தினேன். எழுதிக் காட்டலாமென்றால் அவருக்கு எழுத்துத் தெரியாது. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர், என் கண்ணில் தண்ணீரைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அதத்தான் மாப்ளே நானும் சொல்றேன். ஒங்கிட்ட முன்னாடியே கொண்டாந்திருக்கணும். எம்மேலதான் தப்பு.”