படக்காரர் கேட்ட களம்

வன்னியிலுள்ள எங்கள் தருமபுரத்துக்குச் சினிமாப் படக்காரரைக் கொண்டுவந்தே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றவர் எங்கள் கிராம முன்னேற்றச் சங்கத் தலைவர். அறுபதுகளின் தொடக்கம் அது. கொழும்பில் ஒரு கொம்பனி தமிழ்ப் படம் எடுக்கப்போகிறது, வயலும் குளமும் உள்ள இடம் தேடுகிறது என்று பத்திரிகையில் பார்த்த நாளிலிருந்து மனிசனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. படம் எடுத்தால் ஊர் வெளியில் தெரியும், ஊர் தெரிந்தால் றோட்டுப் போடுவார்கள், றோட்டுப் போட்டால் பஸ் வரும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். காடு வெட்டிக் குடியேறிப் பல வருஷமாகியும் மாரியில் வண்டில் புதைகிற பாதைதான் எங்களுக்கு இருந்தது. ஆகவே அவரை ஒருவரும் பகிடி பண்ணவில்லை. நான் மட்டும் கொஞ்சம் பண்ணினேன்.

அவர் ரயிலேறிக் கொழும்புக்குப் போய்க் கொம்பனி மனேச்சரைப் பிடித்தார். அயலூர் உடையார்கட்டுக்காரரும் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அங்கே தெரிந்ததும், அந்தப் பக்கம் யானைக் கரைச்சல், கமராவை மிதித்துப்போடும் என்று அளந்துவிட்டிருக்கிறார். யானை எல்லை பார்த்து நடக்கும், தருமபுரத்துக்குள் கால் வைக்காது என்று கொம்பனிக்காரர் நினைத்தார்களோ என்னவோ. அதற்கு முந்தின கிழமைதான் எங்கள் வீட்டு வாழைகளை ஒரு கொம்பன் துவைத்துவிட்டுப் போயிருந்தது.

அந்த வருஷம் எங்கள் வீட்டு நிலைமை வேறு. காலபோக விதைப்புக்கு முன் என் புருஷன் வண்டிலால் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். பரியாரியார் மட்டை வைத்துக் கட்டி, காலை ஊன்றவே கூடாது என்றுவிட்டார். முறிந்த எலும்பு சரியாகப் பொருந்தாமல் மாதக்கணக்கில் இழுபட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம் நாங்கள், இங்கே ஓடிவர ஒரு சகோதரமும் இல்லை. நான்தான் விதைக்க ஆள் பிடித்தேன். தண்ணீர் முறை வந்தால் மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்றேன். பன்றிக்குக் காவல் இருந்தேன். அருவி வெட்டுக்கு, அதாவது கதிர் அறுக்க, வந்த பெண்களோடு சேர்ந்து வெட்டினேன். கதிர்க்கட்டுகளைத் தலையில் சுமந்துவந்து, போராக அடுக்கிச் சூடு வைக்கக் கொடுத்தவளும் நான்தான்.

ஆனால் சூட்டை மாடு விட்டு மிதித்து நெல் பிரிக்கிற களத்தில் பெண் ஏறக்கூடாது. அது வன்னி நாட்டுப் பழைய கட்டு. பெண் கால் பட்டால் பொலி, களத்தில் குவிகிற நெல், குறையும், பூதம் நெல்லை அள்ளிக்கொண்டு போகும் என்பார்கள். வன்னியில் எவ்வளவோ இருந்தும் வேறொன்றையும் கெதியில் படிக்காத எங்கள் யாழ்ப்பாணத்து ஆம்பிளைகள் இதை மட்டும் ஒரே போகத்தில் பாடமாக்கிவிட்டார்கள். ஆக, எங்கள் சூடு மிதிக்கிற நாள் வந்தால் என் புருஷனைக் கதிரையோடு தூக்கிப்போய்க் களத்தோரம் இருத்துவார்கள். அந்தப் போகம் வயலில் காலே வைக்காத மனிசன் பொலி தூற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் குசினியில் மாடு சாய்க்கிறவர்களுக்குச் சோறு காய்ச்சுவேன். நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் நெல் தூசி போய்க் குவிவதைக் கிட்ட நின்று பார்க்கவேண்டும், அதில் கை வைக்கவேண்டும். அந்த மாசி மாதம் முழுக்க எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

மனேச்சர் காரில் வந்து இறங்கினார். தலைவர் அவரைக் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார், தாமரை காட்டினார், புதுப் பள்ளிக்கூடக் கட்டடம் காட்டினார். மனேச்சர் கொட்டாவி விட்டார். திரும்பி வரும்போது பாதையோரம் எங்கள் சூடும், பக்கத்தில் சாணி மெழுகி வைத்திருந்த களமும் கண்ணில் பட்டன. மற்றவர்களெல்லாம் தங்கள் தங்கள் சூட்டை மிதித்துவிட்டு எங்களுடையதைக் கடைசிக்கு விட்டிருந்ததால் ஊரில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். மனேச்சர் காரை நிற்பாட்டச் சொன்னார்.

"இதுதான் இடம். கதாநாயகி நெல்லுக் குவியலைச் சுத்தி ஆடிப் பாடவேணும். பின்னாலை உங்கடை ஊர்ப் பெண்கள் வரிசையாய் நிண்டு சுளகாலை தூத்தவேணும்" என்றார்.

"ஓம், ஓம், அதுக்கென்ன" என்றார் தலைவர். படம் வந்துவிட்ட சந்தோஷத்தில் களத்துக் கட்டு அவருக்கு மறந்தே போய்விட்டது. கூட வந்தவர் ஒருவர்தான், எங்கள் பக்கம் ஆம்பிளைகளே தூற்றுவது என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"படத்திலை ஆம்பிளை தூத்தினால் ஆர் பாக்கிறது?" என்று கேட்டுவிட்டு மனேச்சர் காரில் ஏறிவிட்டார்.

அன்று பின்னேரம் சங்கக் கூட்டம் எங்கள் வீட்டில்தான் கூடியது. களம் எங்களுடையது, வீட்டுக்காரருக்கு எழும்ப ஏலாது, வேறு வழியில்லை. நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். வெறும் வைக்கோலைக் குவித்து வைத்து ஆடவிடுவோம் என்றார் ஒருவர். படக்காரருக்கு நெல் தெரியவேண்டுமே என்று அது எடுபடவில்லை. பிறகு பிள்ளையாருக்குப் பொங்குவோம், பிழை தீர்ந்துவிடும் என்றார்கள். கடைசியாகத் தலைவர் ஒரு தீர்ப்புச் சொன்னார். படக்காரி ஏறுவது நடிப்பு. அவள் உண்மையாய்ச் சூடு மிதிக்க வரவில்லை, தூற்ற வரவில்லை. நடிப்புக்குக் குற்றமில்லை. பூதத்துக்கும் அது விளங்கும். எல்லாரும் தலையாட்டினார்கள். பூதத்தை இவ்வளவு இலேசாகச் சமாளிக்கலாம் என்று எனக்கு முந்தித் தெரியாமல் போய்விட்டது.

ஆனால் பின்னால் நிற்கப் பெண்கள் வேண்டுமே. அந்த இடத்தில் எல்லாரும் முகட்டைப் பார்த்தார்கள். சினிமாவில் நிற்கத் தன் பெண்சாதியை அனுப்புகிறேன் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. பெண்கள் இல்லையென்றால் படக்காரர் உடையார்கட்டுக்குப் போய்விடுவார்கள். தலைவருடைய முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. தேத்தண்ணித் தட்டோடு வெளியே வந்தேன்.

"நான் நிக்கிறன் அண்ணை" என்றேன்.

"உண்மையாவோ தங்கச்சி?"

"இல்லை, நடிப்பாய். நடிப்புக்குக் குற்றமில்லையெண்டுதானே இப்ப சொன்னனீங்கள்."

ஒருவர் இருமினார். தலைவர் என் புருஷனைப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சனம் போன பிறகுதான் கேட்டார்.

"சினிமாவிலை நிக்க உமக்கு ஆசையே?"

"சினிமாவிலை இல்லை, களத்திலை" என்றேன். "நான் விளைவிச்ச நெல்லு. அவள் ஆரோ ஆடலாம், நான் கிட்டப் போகக்கூடாதோ?"

அவர் கட்டுப்போட்ட காலைத் தடவிக்கொண்டு இருந்தார்.

அயலில் என்னோடு அருவி வெட்டிய பெண்களை நானே கேட்டேன். வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு நாலைந்து பேர் வரச் சம்மதித்தார்கள். குறித்த நாளுக்கு முதல்நாள் ஆம்பிளைகள் மாடு விட்டுச் சூடு மிதித்து, வைக்கோலை உதறி, பதரும் நெல்லுமாய்க் களத்தின் நடுவில் குவித்தார்கள். அன்றைக்கு நான் கட்டுப்பாடாக வீட்டில்தான் இருந்தேன்.

மறுநாள் விடிய வான் வண்டியில் கமராவோடு வந்தார்கள். செருப்போடு களத்தில் ஏறக்கூடாது என்று தலைவர் கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டார். அந்தக் கட்டை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. செருப்பில்லாத கொழும்புக் கால்கள் களத்தோர வயலின் அறுத்த அடித்தாளில் படும் பாட்டைப் பார்த்து எங்கள் பெண்களுக்கு வெட்கம் பாதி போய்விட்டது. கமராக்காரர் சுடுமணலில் நிற்பவர்போலக் காலை மாற்றி மாற்றி வைத்தார். கதாநாயகி நல்ல பிள்ளை. வரிசையில் நின்ற எங்களைப் பார்த்து, "அக்கா, சுளகை எப்பிடிப் பிடிக்கிறது?" என்று கேட்டாள். பிடித்துக் காட்டினேன்.

களத்தில் முதல் கால் வைக்கும்போது எனக்குக் கால் கூசியது உண்மை. பூதத்துக்குப் பயந்து அல்ல. வேலியடியில் நின்ற அத்தனை ஆம்பிளைகளும் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளங்காலில் நெல் குத்தியது. எனக்கு அழுகை வந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பாட்டை ஒரு பெட்டியில் போட்டுப் போட்டு நிற்பாட்டினார்கள். அவள் ஆடினாள், நாங்கள் சுளகை உயர்த்தினோம். காற்று ஒரு பொட்டு இல்லை. நெல்லும் பதரும் ஒன்றாகக் காலடியிலேயே விழுந்தன. டைரக்டருக்கு அதுதான் நல்லதாம், கதாநாயகியின் தலைமயிர் குழம்பாதாம். திரும்பத் திரும்ப அதையே செய்வித்தார். உண்மையில் தூற்றுகிறவன் பார்த்தால் சிரிப்பான். வெயில் ஏறிக்கொண்டு போனது.

மத்தியானம் தாண்டக் காற்று எழும்பியது. வயல்வெளியால் வந்து ஒரே சீராக வீசியது. பதர் பறந்து கதாநாயகியின் பவுடர் முகத்திலும் கமராக் கண்ணாடியிலும் ஒட்டியது. டைரக்டர் கையை உயர்த்தி, போதும், கட்டுங்கோ என்றார். அவர்கள் சாமான்களை வானுக்குள் ஏற்றத் தொடங்கினார்கள். காற்று வந்ததும் அவர்களுக்கு வேலை முடிந்தது. தூற்றுகிறவர்களுக்கு வேலை தொடங்குவதே காற்று வந்த பிறகுதான். நான் சுளகை நிரப்பித் தலைக்கு மேல் தூக்கி மெல்லச் சரித்தேன். பதர் அப்பால் போனது, நெல் நேரே விழுந்தது. மற்றப் பெண்களும் என்னைப் பார்த்துவிட்டுத் தூற்றினார்கள்.

தலைவர் களத்தோரம் ஓடிவந்தார். "தங்கச்சி, எல்லாம் முடிஞ்சுதல்லோ. இனி இறங்குங்கோவன்."

களத்தில் பொலி கிடக்கும்போது முடிஞ்சுது, இல்லை என்ற சொற்களை வாயில் எடுக்கக்கூடாது. எடுத்தால் பொலி அதோடு நின்றுவிடும் என்பார்கள். அதுவும் அந்தக் கட்டில் ஒன்று.

"களத்திலை முடிஞ்சுது எண்டு சொல்லலாமோ அண்ணை?" என்றேன். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். வேலியடியில் யாரோ சிரித்தார்கள். ஆனால் இரண்டு பேர் சால்வையைத் தோளில் உதறிப் போட்டுக்கொண்டு களத்தை நோக்கி வந்தார்கள், சிரித்துக்கொண்டு வரவில்லை.

அப்போதுதான் களத்தோரம் கதிரையில் இருந்த என் புருஷன் வாய் திறந்தார். "காத்து நல்லாயிருக்கு. அவா தூத்தட்டும்."

வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். பொழுதுபடத் தூற்றிக் குவித்தோம். அன்றைக்கு வீட்டில் ஒருவரும் சோறு காய்ச்சவில்லை. படக்காரர் விட்டுப்போன பாண் ரொட்டியைத் தின்றோம்.

படம் வெளிவந்தபோது யாழ்ப்பாணத்துத் தியேட்டருக்குப் போய்ப் பார்த்தோம். பாட்டு முழுக்கக் கதாநாயகியின் முகம்தான். பின்னால் ஒரு சுளகு தெரிந்தது, அது என்னுடையதா பக்கத்தில் நின்றவளுடையதா என்று இன்றுவரை தெரியாது. ஊர்ப்பேர் எங்கும் வரவில்லை. றோட்டும் வரவில்லை. தலைவர் மனந்தளராமல் முல்லைத்தீவுக் கடற்கரைக்கு வந்த வேறொரு கொம்பனியைத் தேடிப் போனார்.

அடுத்த காலபோகத்துக்குள் என் புருஷனுக்குக் கால் தேறிவிட்டது. சூடு மிதித்த மறுநாள் அவர் தூற்றுவதற்குச் சால்வையைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றார். தலைவரும் உதவிக்கு வந்திருந்தார். நான் சுளகோடு வந்ததைக் கண்டு, "என்ன தங்கச்சி, இண்டைக்கும் படக்காரர் வருகினமோ?" என்று கேட்டார். ஒருவரும் வரவில்லை என்று சொல்லிவிட்டுக் களத்தில் ஏறினேன். என் புருஷன் தள்ளி நின்று, காற்று வருகிற பக்கத்தை எனக்கு விட்டார்.