பாஸ்டரின் சிவப்பு நாற்காலி

தம்போய் நகரில், ஒரு கார்ப் பட்டறைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் வார இதழின் அலுவலகம். ஆசிரியர் மேசைக்கு எதிரே இன்றும் அதே சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிதான். அதை வாங்கிப் போட்டவர் எனக்கு முன்பிருந்த ஆசிரியர். சிம்பாங் ரெங்கத்தில் பல வருடம் பாஸ்டராகச் சபை நடத்திவிட்டு, எழுத்தாசை பிடித்து இழுக்க, அங்கியைக் கழற்றிவிட்டுப் பத்திரிகைக்கு வந்தவர். சிறுகதைகளைத் திருத்துவார், செய்திக்கும் அலைவார். ஆனாலும் எல்லாருக்கும் அவர் பாஸ்டர்தான். பழைய சபையார் பஸ் பிடித்து வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து மனத்தில் உள்ளதைக் கொட்டுவார்கள். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்பார், ஜெபிப்பார்.

அப்படி வந்தார் ஓர் அம்மா. மகன் சிங்கப்பூரில் வேலை செய்வதாக ஊரில் சொல்லி வைத்திருந்தார். உண்மையில் அவன் வெளியூர்ச் சிறையில் இருந்தான். மாதாமாதம் நல்ல சேலை உடுத்தி, முறுக்குச் சுட்டு எடுத்துக்கொண்டு, சிங்கப்பூர் போவதுபோல் பஸ் ஏறுவார். சிறைக்குள் முறுக்கை விடமாட்டார்கள். பஸ் நிலையத்தில் யாருக்காவது கொடுத்துவிட்டுத் திரும்புவார்.

அடுத்த வாரம், பாஸ்டர் வாராவாரம் எழுதும் பத்தியில் அது வந்தது. பேரில்லை, ஊரில்லை. முறுக்கு இருந்தது. அப்போது அவரிடம் உதவி ஆசிரியையாக இருந்து, அச்சுக்குப் போகுமுன் படித்து அழுதவள் நான். ஒரு வரிகூட எடுக்க வேண்டாம் என்றேன். வாசகர்கள் கொண்டாடினார்கள். சிம்பாங் ரெங்கத்தில் அது யார் வீட்டு முறுக்கு என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அந்த அம்மா மறுபடி வந்தார். உட்காரவில்லை.

"பேரு போடலையேம்மா," என்றார் பாஸ்டர்.

"பஸ்ஸுல ஏறினா எந்திரிச்சு எடம் விடறாங்க பாஸ்டர். முன்னெல்லாம் யாரும் விட்டதில்ல. நான் ஜெபத்துக்குத்தானே சொன்னேன்?"

போய்விட்டார். மன்னிப்புக் கேட்டு அச்சிட்டால் தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிடும், அதற்கும் வழியில்லை. அதற்குப் பிறகு, சாகும்வரை, யார் வந்து உட்கார்ந்தாலும் பாஸ்டர் முதலில் சொல்வது இதுதான்: "இங்க நான் பத்திரிகக்காரன். அத நெனச்சுக்கிட்டுப் பேசுங்க." பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். அவர் தலை நிமிரமாட்டார். பார்க்கவே எனக்குக் கூசும்.

இன்று அவர் இடத்தில் நான் இருக்கிறேன். நேற்று கெலாங் பாத்தாவிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "பாஸ்டர் இருந்தா அவருகிட்ட சொல்லியிருப்பேன்," என்று தன் மகளைப் பற்றி ஆரம்பித்தார். பாஸ்டரின் அந்த வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் எழுந்து போய்விடுவார். விஷயமோ எழுதினால் நல்ல பத்தியாக நிற்கும், கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. சீ, என்ன ஜென்மம் நான். பேனாவை அவர் பார்க்கும்படி மூடி வைத்துவிட்டு, "சொல்லுங்கய்யா," என்றேன்.