பாடையில் படுத்த அப்பா

அப்பா செத்த செய்தி கேட்டு ஒருவன் ஊர் திரும்புகிறான். என் முதல் படத்தின் கதை அவ்வளவுதான். கையில் ஒரு கேமரா, கூலி கேட்காத சில நண்பர்கள். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எங்கள் காலனியிலேயே எடுத்துவிடலாம் என்று கிளம்பி வந்துவிட்டேன். பிணமாக நடிக்க ஒப்புக்கொண்டவர், பச்சை மூங்கிலில் கட்டிய பாடையைப் பார்த்ததும் காய்ச்சல் என்று சொல்லி பஸ் ஏறிவிட்டார்.

"நான் படுக்கறேன்" என்றார் அப்பா.

அம்மா என்னைத்தான் பிடித்துக்கொண்டாள். "உசுரோட இருக்கற மனுசனைப் பாடையில ஏத்துறியே, நீ வெளங்குவியாடி?"

சென்னையில் சகுனம் பார்க்கிறவர்களைக் கிண்டல் செய்கிறவள் நான். அப்பாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியபோது அந்தப் பகுத்தறிவெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

எங்கள் காலனியில் யார் செத்தாலும் ஊர்த் தெரு வழியாகத் தூக்கிப்போகக் கூடாது. வாய்க்காலில் இறங்கி, வயல் சேற்றில் நடந்துதான் ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போக வேண்டும். சட்டம் ஒன்றுமில்லை, வழக்கம். கூலி உயர்வு கேட்டு அறுவடையை நிறுத்திய வருஷம் தாத்தா செத்தார். அவரைத் தெரு வழியாகத் தூக்கிப்போகப் பார்த்தார்கள். அன்று முறிந்த அப்பாவின் இடது கை இன்றைக்கும் முழுதாக நீளாது. ஆட்சிகள் மாறின, தெருவுக்கு சிமெண்ட் போட்டார்கள். பிணம் போகும் வழி மட்டும் மாறவில்லை.

நான் எழுதியிருந்ததும் வயல் வழிதான். ஆனால் அன்று காலை பாசனத்துக்கு முறைவைத்துத் திறக்கும் தண்ணீர் வந்து வாய்க்கால் தளும்பிக்கொண்டிருந்தது. கேமராவோடு இறங்க முடியாது என்றான் ஒளிப்பதிவு செய்த நண்பன்.

"நாளைக்கு எடுத்துக்கலாம்" என்றேன்.

"தெரு வழியாப் போங்கடா." கண்ணைத் திறக்காமலே அப்பா சொன்னார்.

தூக்கியவர்கள் காலனிப் பிள்ளைகள். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பாடை ஊர்த் தெருப் பக்கம் திரும்பியது. தடுக்க ஓடினேன், அதற்குள் தெருமுனை வந்துவிட்டது. அங்கே, பாடைக்கு முன்னால் பறை அடித்து வந்தவர் தானாகவே கையை இறக்கிவிட்டார்.

கதவுகள் திறந்தன. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஐந்தாறு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் பெரிய வீட்டுக்காரர். அன்று அறுவடையை நிறுத்தியது அவருடைய தகப்பனார் வயலில்தான்.

"யாருடா அது? எந்த வழியா வர்றீங்க?"

அப்பா கால் கட்டோடு கிடக்கிறார், அடி விழுந்தால் எழுந்து ஓடக்கூட முடியாது. நானே கட்டிய கட்டு. இத்தனை பயம் நான் அதுவரை பட்டதில்லை.

அவர் பார்வை கேமரா மேல் விழுந்தது. "சினிமாவா?"

"ஆமாங்க."

முகமெல்லாம் பல்லாகிவிட்டது அவருக்கு. "அட, முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? போங்க, போங்க. நம்ம வீட்டு வாசல் படத்துல விழுமா?" குறுக்கே நின்ற மாட்டை அவரே ஓட்டிவிட்டார். பறை மறுபடி ஒலித்தது. தெரு முழுவதும் ஆட்கள் வாசலில் நின்று, சிலர் போனில் படம் பிடித்துக்கொண்டு, எங்களை அனுப்பிவைத்தார்கள்.

ஆற்றங்கரையில் பாடையை இறக்கினோம். கால் கட்டை அவிழ்த்துவிட்டேன். அப்பா எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டேன். அசைவில்லை. அம்மா வாய் பலித்துவிட்டதே என்று மண்டியிட்டு அவர் கன்னத்தைத் தொட்டேன். ஈரமாக இருந்தது. கண்ணீர் இரண்டு காதுப் பக்கமும் வழிந்திருந்தது.

"நெசமாப் போறப்பவும் கேமராவோட வந்துடும்மா" என்றார்.

அப்பா இப்போதும் இருக்கிறார். ஊரிலிருந்து நேரங்கெட்ட நேரத்தில் போன் வந்தால், எடுப்பதற்கு முன் என் கண் கேமராப் பையைத்தான் தேடுகிறது.