கழற்றச் சொன்ன அட்டை

மில்லில் நூல் சுற்றிய கோன்கள் வரும் பெட்டியைப் பிரித்து விரித்த பழுப்பு அட்டை அது. பள்ளிபாளையம் பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில், மூன்றாம் வகுப்புச் சுவரில் தொங்கியது. இடப்பக்கம் இந்தி வாக்கியங்கள், தமிழ் எழுத்தில். வலப்பக்கம் அவற்றுக்கு நேரான தமிழ். நான் அப்போது வட்டாரக் கல்வி அலுவலர். அந்த அட்டையின் மீது வந்த புகாரை விசாரிக்கப் போயிருந்தேன். யாரோ சன்னல் வழியே படமெடுத்து, ‘அரசுப் பள்ளியில் திருட்டுத்தனமாக இந்தி’ என்று மனு அனுப்பியிருந்தார்கள். மனுவில் கையெழுத்து இல்லை. கையெழுத்தில்லாத மனுவை அப்படியே மூடிவிட விதி இருக்கிறது. மூடாமலிருக்கவும் விதி இருக்கிறது. இரண்டில் எது நம்மைக் காப்பாற்றும் என்று பார்த்து எடுப்பதுதான் முப்பத்தைந்து ஆண்டு வேலையில் நான் கற்றது.

அந்த வகுப்பின் ஆசிரியை மல்லசமுத்திரத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்துபோனவர். அவரிடம் மில் குடியிருப்பிலிருந்து வந்த பீகார்ப் பிள்ளைகள் ஆறு பேர் படித்தார்கள். அதில் ஒரு சிறுமி ஓராண்டாக வாயே திறக்கவில்லை. தமிழைக் காதில் ஊற்றிக்கொண்டே இருந்தால் தானாக வந்துவிடும் என்பது எங்கள் இலாகாவின் நம்பிக்கை. ஆசிரியை அதை நம்பாமல், ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சிறுமியின் அம்மாவோடு உட்கார்ந்து இந்தியைக் கேட்டு எழுதினார். ‘முஜே பூக் லகீ ஹை’ என்பதற்கு எதிரே ‘எனக்குப் பசி எடுத்திருக்கு’ என்று சொல்லுக்குச் சொல் நிறுத்தினார். வரிசை மாறவே இல்லை.

“இங்கிலீசுக்குத்தானுங்க சார் நாம தலைகீழா நிக்கோணும். இவுங்களுக்குத் தமிழு பக்கத்து ஊடு மாதிரி. வாசல் எங்கிருக்குதுன்னு காட்டுனாப் போதுமுங்க” என்றார்.

மொழிகள் பிரிகிற இடங்களைச் சிவப்பு மையில் குறித்திருந்தார். இந்தியில் ரொட்டி பெண்பால். அதனால் ஒரு பையன் ‘ரொட்டி கருகிட்டா’ என்று சொல்லி வகுப்பே சிரித்ததாம். அதற்கும் அட்டையில் ஒரு குறிப்பு இருந்தது: ‘நம்மிடம் ரொட்டி வெறும் ரொட்டி.’

இது தமிழ் கற்பிக்கும் அட்டை என்று படித்தவுடனே புரிந்தது. புரிந்ததை எழுதத்தான் கை வரவில்லை. ஓய்வுக்கு ஏழு மாதம் இருந்தது. அதற்குள் யாரும் என்னிடம் விளக்கம் கேட்டுவிடக் கூடாது என்பதே என் அப்போதைய இலட்சியம். ‘அனுமதி பெறாத கற்பித்தல் துணைப்பொருள்’ என்றொரு தலைப்பு உண்டு. அதில் இந்தியும் இல்லை, தமிழும் இல்லை. யாருக்கும் கோபம் வராது. அதன்படி அட்டையைக் கழற்றச் சொன்னேன். தலைமையாசிரியர் இழுத்த இழுப்பில் ஒரு மூலை கிழிந்தது. பின்வரிசையிலிருந்து அந்தச் சிறுமி எழுந்து, “கிழிக்காதீங்க சார், நான் பாதிதான் படிச்சிருக்கறேன்” என்றாள்.

ஆசிரியை என்னைப் பார்த்துச் சிரித்தார். “தமிழ் வந்துருச்சுங்க சார். இதையுஞ் சேத்து எழுதிக்குங்க.”

எழுதவில்லை. படிவத்தில் அதற்கு இடமில்லை.

ஆசிரியை விளக்கம் கொடுத்தார். நான் எச்சரித்துக் கோப்பை முடித்தேன். சிறுமி மறுபடி வாயை மூடிக்கொண்டாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். மூன்று மாதம் கழித்து, தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே நின்றுவிட்டாள். ஆசிரியை இரண்டு முறை போய்க் கூப்பிட்டும் வரவில்லை. தொடர்ந்து வராதவர்களை வகுப்புப் பட்டியலிலிருந்து நீக்குவது நடைமுறை. கையொப்பம் என்னுடையது. அட்டைக்கும் அவள் நின்றதற்கும் தொடர்புண்டு என்று எந்தப் பதிவேடும் சொல்லாது.

நான் ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. சென்ற மாதம் திருச்செங்கோட்டில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி. வெளிமாநிலப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய தாய்மொழியோடு ஒப்பிட்டுத் தமிழ் கற்பிப்பது எப்படி என்பது பொருள். அனுபவசாலி என்று என்னைத் தொடக்கவுரைக்கு அழைத்திருந்தார்கள். தாய்மொழியே பாலம் என்று இருபது நிமிடம் பேசினேன். சால்வை போர்த்தினார்கள். மூன்றாம் வரிசையில், தலை நரைத்து, நான் சொன்னதைக் குறிப்பெடுத்தபடி அந்த ஆசிரியை உட்கார்ந்திருந்தார்.

தேநீர் இடைவேளையில் அவரே வந்தார். “நல்லாப் பேசுனீங்க சார். அந்தப் புள்ளையப் பத்தி மில்லு லைன்ல போன வருசங்கூடக் கேட்டனுங்க. அப்பவே ஊருக்குப் போயிட்டாங்களாமா. அவ பேரு உங்களுக்கு ஞாபகம் இருக்குங்களா?”

எனக்குக் கோப்பின் எண் நினைவிருந்தது. பிரிவின் எழுத்து, ஆண்டு, நடுவிலிருந்த சாய்கோடு உட்பட. அவர் டம்ளரில் மிச்சமிருந்த தேநீரைக் குடித்து முடித்தார்.

“செரி உடுங்க சார்” என்று சொல்லிவிட்டு, அடுத்த வகுப்புக்கு உள்ளே போனார்.