எழுதப்படாத இடக்கால்

நண்பரே, நான் கண்டதையும் என் காதால் கேட்டதையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். அறிக்கையில் இல்லாத ஒன்றை யாரோ ஊகித்துப் பதிந்ததால் ஒருமுறை என் வேலை போயிற்று. அன்றுமுதல் ஊகம் எனக்கு ஒவ்வாத பண்டமாகிவிட்டது.

சென்ற மாதம் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் எனக்கு நரம்பு அனிச்சை ஆய்வு செய்தார்கள். முழங்காலின் பின்புறம் சிறு மின்துடிப்பைச் செலுத்தி, கெண்டைக்கால் தசை எவ்வளவு விரைவில் துள்ளுகிறது என்று அளப்பது அது. வலி வலக்காலில்தான், ஒப்பிடுவதற்காக இடக்காலையும் அளந்தார்கள். கைக்கு வந்த அறிக்கையிலோ வலக்கால் மட்டுமே இருந்தது. ஸ்பிரிட் நெடி போகாத அந்த அறையில் அதைப் படித்தபோது தேவகி நினைவுக்கு வந்தாள்.

குன்னூரில், வர்க்கி என்ற மொறுமொறு ரொட்டி சுடும் அடுமனைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். பதினோரு மணிக்கு நெய்மணம் படியேறி வரும். அதன்பின் யாருக்கும் வேலை ஓடாது. அமெரிக்க மருத்துவர்களின் அறிக்கைகளைப் படித்து, செய்த ஆய்வு ஒவ்வொன்றுக்கும் உரிய குறியீட்டைப் பதிவது எங்கள் தொழில். அதைப் பார்த்தே அங்குள்ள காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தரும். தமிழ் முதுகலை படித்த நான், அந்த ஆங்கில அறிக்கைகளிலும் ஒற்றுப்பிழை தேடும் கண்ணோடு உட்கார்ந்திருந்தேன்.

தேவகி கீழ் கோத்தகிரிக்காரி. பக்கத்து நாற்காலி, தங்கியதும் ஒரே அறையில். அனிச்சை ஆய்வை இரு கால்களிலும் செய்திருந்தால் குறியீட்டோடு ஐம்பது என்ற எண்ணைச் சேர்க்க வேண்டும்; பணமும் கூடுதலாக வரும். அறிக்கையில் ஒரு கால்தான் இருக்கிறதென்றால் நான் சேர்க்கமாட்டேன்.

"ஏம்புள்ள, ஒத்தக் கால மட்டும் பாத்துப்போட்டு எந்த டாக்டராச்சும் உடுவானா? ரெண்டையும் பாத்தாத்தானே எது கெட்டுதுன்னு தெரியும்!"

"எழுதலைன்னா செய்யலை. அதுதான் விதி."

"உன்ற விதியக் கொண்டுபோயி வர்க்கில தொட்டுத் தின்னு."

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கோப்புகளை அனுப்புமுன் இருவர் நாற்காலி மாற்றிக்கொண்டு ஒருவர் வேலையை மற்றவர் சரிபார்ப்போம். கணினியிலிருந்து வெளியேறி மறுபடி நுழைய நேரமாகும் என்பதால் அவரவர் பெயரில் திறந்த கணக்கை அப்படியே விட்டுவிடுவோம்; சரிபார்ப்பவர் செய்யும் மாற்றமும் அந்தப் பெயரிலேயே பதியும். அது தடைசெய்யப்பட்ட செயல். செய்யாதவர் ஒருவரும் இல்லை.

ஒருநாள் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து கேள்வி வந்தது. வலக்கால் மட்டும் குறிக்கப்பட்ட பதினோரு அறிக்கைகளில் ஐம்பது சேர்ந்திருந்தது. பதினொன்றும் என் பெயரில். நான் சேர்க்கவில்லை, பதினொன்றையும் சரிபார்த்தவள் தேவகி.

மேலாளர் எங்கள் இருவரையும் அழைத்தார். நாற்காலி மாற்றும் வழக்கத்தைச் சொன்னேன். அவர் தேவகியைப் பார்த்தார்.

"இல்லீங்க சார். அவங்கவங்க எடத்துலதானுங்க வேல பாப்போம். அவங்க ஏன் இப்படிச் சொல்றாங்கன்னு தெரியலீங்க."

மூன்றாண்டுகள் என்னைப் 'புள்ள' என்றே கூப்பிட்டவள் அவள். அந்த 'அவங்க' சுட்ட அளவுக்கு வேலைநீக்கக் கடிதம் சுடவில்லை.

மாலையில் நான் பெட்டி கட்டிக்கொண்டிருக்கையில் வந்தாள்.

"சாப்ட்டயா புள்ள?"

"நாம நாற்காலி மாத்தலையா, தேவகி?"

"மாத்துனம்னு சொன்னா ரெண்டு பேரு சீட்டும் கிழிஞ்சிரும். ஒருத்தியாச்சும் இருக்கோணுமல்ல?"

"அந்த ஒருத்தி நீயா?"

அவள் வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அவள் திரும்புமுன் நான் மேட்டுப்பாளையம் பேருந்தில் ஏறிவிட்டேன்.

நோயாளியாகப் படுத்துப் பார்த்தபின் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: மருத்துவத்தைப் பொறுத்தவரை அவள் சொன்னதில் நியாயம் இருந்திருக்கலாம். அது அந்தப் பதினோரு கோப்புகளையும் நேராக்காது; என் பெயரையும்.

இப்போது அந்த மாடியில் சுற்றுலாப் பயணிகள் தங்குகிறார்கள். அடுமனை இல்லை. அனிச்சை ஆய்வுக்கென்று இருந்த தனிக் குறியீடும் நீக்கப்பட்டு, பிற நரம்பு ஆய்வுகளின் எண்ணிக்கையோடு சேர்க்கப்பட்டுவிட்டது. நாங்கள் சண்டையிட்ட ஐம்பதுக்கு அங்கே இடமில்லை.

தெரியாதது ஒன்று. ஒருத்தியாவது இருக்க வேண்டும் என்ற காரணம் அவளுக்குத் தோன்றியது மேலாளர் அறைக்குள் நுழையுமுன்பா, என் பெட்டியைப் பார்த்த பின்பா என்பது எனக்குத் தெரியாது.