ரோலர்காரரின் சிரிப்பு

நகராட்சி ரோடு ரோலரை ஓட்டுகிறவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டுதான். ஆனால் தெருவில் எல்லோருக்கும் அவர் ரோலர்காரர். வண்டியைக் கிளப்பும் முன் இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக் கண்ணை மூடுவார். "கடவுளே, யார் காலும் குறுக்கே வரக் கூடாது." அவ்வளவுதான் அவர் வேண்டுதல். 'உங்க வண்டிக்குக் குறுக்கே வர்றவன் தூங்கி எழுந்துகூட நகர்ந்துக்கலாம்' என்று மனைவி கேலி செய்வாள்.

தார் போடாத நாட்களில் இன்னொரு வேலையும் வரும். பிடிபட்ட போலிச் சரக்கை அழிக்கும்படி கோர்ட் சொன்னால், அதைக் காலி மைதானத்தில் பரப்பிவிட்டு அவரைக் கூப்பிடுவார்கள். ஷாம்புவோ செருப்போ, ஏறி நசுக்கிவிட்டு வர வேண்டும்.

அப்படித்தான் ஒருநாள் சென்ட் பாட்டில்கள் மேல் ஏற்றினார். மைதானமே மணத்தது. பத்திரிகைப் போட்டோகாரர் ஓடி வந்தார்.

"அண்ணே, படம் சரியா விழல. பின்னால எடுத்து மறுபடி ஏத்துங்க. அப்படியே இந்தப் பக்கம் பாருங்க."

"நசுங்கினதையே எத்தனை தடவை தம்பி நசுக்கறது?" என்றபடியே பின்னால் எடுத்தார். கேமராவைப் பார்த்ததும் கல்யாண வீட்டில் நிற்பதுபோல் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துவிட்டார்.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. தங்கை போன் செய்தாள்.

"அந்தக் குவியல்ல பாதி எங்க கடைச் சரக்கு. தெரியுமா உனக்கு?"

தங்கை புருஷன் சின்னதாக ஃபேன்ஸி கடை வைத்திருந்தார். மலிவாகக் கிடைக்கிறதே என்று பில் இல்லாமல் வாங்கிய சரக்கு போலி என்று பறிபோனது ரோலர்காரருக்கும் தெரியும். அது இந்த மைதானத்துக்குத்தான் வந்தது என்று யாரும் சொல்லவில்லை.

"நசுக்கினதுக்குக் கோபம் இல்லண்ணா. அது உன் வேலை. எங்க பொழப்பு மேல ஏறி நின்னு இளிச்சியே, அதைத்தான் தாங்க முடியல."

அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அவருக்குக் கூடப் பிறந்தது அவள் ஒருத்திதான். மாப்பிள்ளை மட்டும் வழியில் பார்த்தால், "கொஞ்சம் ஆறட்டும் மச்சான்" என்பார். ஆறுகிற நேரம் பார்த்துப் பேப்பரில் போலி டீத்தூள் செய்தி வரும். பக்கத்தில் இவர் சிரிப்பார். போலி எஞ்சின் ஆயில் என்று வரும். அங்கேயும் இவரேதான்.

பொறுக்க முடியாமல் பத்திரிகை ஆபீசுக்கே போய்விட்டார்.

"போலின்னு செய்தி வந்தா அந்தப் படத்தைத்தாண்ணே எடுத்துப் போடறாங்க," என்றார் போட்டோகாரர். "ஒவ்வொண்ணுக்கும் ஓடிப்போய் எடுக்க முடியுமா? உங்க சிரிப்பு வேற அம்சமா விழுந்திருக்கு."

"டீத்தூள் எங்கே தம்பி, நான் எங்கே? அந்தச் சிரிப்பால என் தங்கச்சி எங்க வீட்டு வாசப்படி மிதிக்கறதில்ல."

விஷயத்தை முழுவதும் கேட்ட போட்டோகாரர் தலையைச் சொறிந்தார். "பழசை நிறுத்தணும்னா புதுசு ஒண்ணு கொடுத்தாகணும். அடுத்த தடவை எடுக்கறேன். முகம் விழாம பார்த்துக்கறது உங்க பொறுப்பு."

அடுத்து வந்தது போலிச் செருப்பு. ரோலர்காரர் கேமராவுக்கு முதுகைக் காட்டியே ஓட்டினார். போட்டோகாரர் பின்னாலேயே ஓடினார். பேப்பரில் அந்த முதுகு பெரிதாக வந்தது. காக்கிச் சட்டை, அதில் வியர்வை, தோள்பட்டையில் நீலத் துணியில் ஒரு ஒட்டு.

அன்று சாயங்காலமே தங்கை வாசலில் நின்றாள். ஒரு கையில் பேப்பர், இன்னொரு கையில் பை.

"ஏண்ணா, காக்கித் துணி கிடைக்காம அவசரத்துக்கு நான் போட்ட ஒட்டு இது. இன்னுமா இதையே மாட்டிக்கிட்டு அலையறே? ஊரே பார்க்குது!"

"நீ தச்சதாச்சே. பிரியவே இல்ல," என்றார்.

அவள் பையிலிருந்து புதுச் சட்டையை எடுத்து நீட்டினாள். தொழில் புத்தி, அவர் காலரைத் திருப்பி லேபிளைப் பார்த்தார்.

"ஒரிஜினல்தான்! பில்லு பாக்கெட்லயே இருக்கு. உன் மாப்பிள்ளை இப்போ பில் இல்லாம தீப்பெட்டிகூட வாங்கறதில்ல."

பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார். இருந்தது. வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"இந்தச் சிரிப்பை மட்டும் பேப்பர்காரன் கண்ல காட்டிடாதே," என்றபடி தங்கை உள்ளே போய் அண்ணியிடம் தண்ணீர் கேட்டாள்.